கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும் உலாவி

இணையத்தில் ஆள் தெரியாமல் உலாவ நினைப்பவர் பெரும்பாலும் முதலில் திறப்பது குரோமின் இன்காக்னிட்டோ சாளரத்தை. 2008 முதல் இருக்கும் இந்த வசதியில் தொப்பியும் கண்ணாடியும் போட்ட ஒரு துப்பறிவாளர் சின்னம் வரும். சாளரத்தை மூடியதும் பார்த்த பக்கங்களின் பட்டியலும் குக்கிகளும் அந்தக் கணினியிலிருந்து அழியும். அவ்வளவுதான். இணைப்பு தரும் நிறுவனத்துக்கும் அலுவலக நெட்வொர்க்கைக் கவனிப்பவருக்கும் போய்ப் பார்த்த தளத்துக்கும் ஐ.பி. முகவரி எப்போதும்போலத் தெரியும். அடுத்து அதே கணினியில் உட்காரப்போகும் குடும்பத்தாரிடமிருந்து மட்டும் இது காப்பாற்றும். பல வீடுகளில் அதுவே பெரிய விஷயம்.

அதற்கு மேலும் வேண்டுவோருக்கு டார் உலாவி இருக்கிறது, காசு கேட்பதில்லை. இதன் அடிப்படை 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அங்கிருந்த பால் சிவர்சனுடன் ரோஜர் டிங்கிள்டைன், நிக் மேத்யூசன் இருவரும் சேர்ந்து உருவாக்கிய டார் 2002இல் ஓடத் தொடங்கியது. இப்போது அதைப் பராமரிப்பது 2006இல் தொடங்கப்பட்ட லாபநோக்கற்ற டார் புராஜெக்ட். இராணுவத்தில் பிறந்த சரக்கு ஊருக்கெல்லாம் இலவசமாக வந்ததற்குத் தாராள மனசு மட்டும் காரணமல்ல. கடற்படை மட்டுமே பயன்படுத்தினால், டார் வழியாக வருபவர் எல்லாரும் கடற்படைக்காரர் என்று எழுதி ஒட்டியதாகிவிடும். ஒளிய வேண்டுமென்றால் கூட்டம் வேண்டும். அழைப்பில்லாமல் சாப்பிட வந்தவரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்றும், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றும் நினைப்பது பெரிய கல்யாணப் பந்தியில்தான் நடக்கும். பத்துப் பேர் வந்த பதிவுத் திருமணத்தில் நடக்காது.

டாரில் ஒரு வேண்டுகோள் மூன்று கணினிகளைக் கடந்து போகிறது. எல்லாம் தன்னார்வலர்கள் நடத்துபவை. மூன்று அடுக்கு மறையாக்கத்தில் ஒவ்வொரு கணினியும் ஓர் அடுக்கை உரிக்கும். முதல் கணினிக்கு அனுப்பியவர் யார் என்று தெரியும், எங்கே போகிறார் என்று தெரியாது. கடைசிக் கணினிக்கு எங்கே என்று தெரியும், யார் என்று தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டும் தெரியாது.

நிறுவுவது சுலபம். டார் புராஜெக்டின் சொந்தத் தளத்திலிருந்து இறக்க வேண்டும், வேறெங்கிருந்தும் கூடாது. இறக்கிய கோப்பின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும்படி அங்கே விளக்கமாக எழுதியிருக்கும். எல்லாரும் மதித்து, யாரும் செய்யாத சடங்கு அது. பிறகு உலாவியைத் திறந்து ‘இணை’ என்ற பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. டார் தடைசெய்யப்பட்ட நாடுகளில் இருப்பவர்கள் மட்டும் ‘பாலம்’ என்ற மாற்று நுழைவாயிலை அமைப்புகளில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தொல்லை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. புது உலாவி கிடைத்தால் அதை அலங்கரிக்காமல் பலருக்குத் தூக்கம் வராது. டாரில் அது ஆகாது. திரை அளவு, நேர மண்டலம், எழுத்துருக்கள், கூடுதல் செருகுநிரல்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே ஒரு கணினியை அடையாளம் காண முடியும். எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த உலாவிகளில் 83.6 சதவீதம் தனித்தன்மையோடு இருந்தன. வாழ்க்கையில் வேறெதிலும் தனித்தன்மை வாய்க்காதவருக்கும் உலாவியில் அது வாய்த்துவிடுகிறது. சாதாரண உலாவியில் பாமினி எழுத்துருவும் இந்திய நேரமும் சேர்ந்தாலே பாதி முகவரி சொன்னதுபோல. டார் இதையெல்லாம் மழுப்பிவிடுகிறது. மதுரையில் காலை பத்து மணியானாலும் தளத்திடம் நாலரை என்றுதான் சொல்லும். சாளரத்தின் அளவையும் குறிப்பிட்ட படிகளில் நிறுத்திவிடும். இழுத்துப் பெரிதாக்கினால் ஓரங்களில் வெற்றுப் பட்டைகள் தெரியும். அவை கோளாறு அல்ல.

மறைந்து உலாவுவதற்கு விலையும் உண்டு. கடைசிக் கணினி ஜெர்மனியில் இருந்தால் சில பக்கங்கள் ஜெர்மன் மொழியில் திறக்கும். ‘நான் ரோபோ அல்ல’ என்று நிரூபிக்கப் போக்குவரத்து விளக்குப் படங்களை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். வேகமும் குறையும். வங்கி வேலையை இதில் பார்ப்பவருக்கு, ‘வெளிநாட்டிலிருந்து யாரோ நுழைகிறார்’ என்று வங்கி பதறிக் கணக்கை முடக்கும் வாய்ப்பும் உண்டு.

மறைப்பு வேறு, பூட்டு வேறு. கடைசி அடுக்கும் உரிந்த பிறகு டார் எதையும் பூட்டுவதில்லை. 2007இல் ஸ்வீடனின் டான் எகர்ஸ்டாட் சில கடைசிக் கணினிகளைத் தானே நடத்தி, அவற்றின் வழியே பூட்டில்லாமல் போன தூதரக மின்னஞ்சல் கடவுச்சொற்களைச் சேகரித்து வெளியிட்டார். தளத்தின் முகவரி ‘எச்.டி.டி.பி.எஸ்’ என்று தொடங்குகிறதா என்று பார்ப்பது அதனால் அவசியம். சொந்தப் பெயரில் உள்ள ஃபேஸ்புக் கணக்கில் நுழைபவருக்கோ எந்தப் பூட்டும் உதவாது. மூன்று கணினிகள் பாடுபட்டு மறைத்ததை அவரே முதல் வரியில் சொல்லிவிடுகிறார்.

கூட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2013 டிசம்பரில் ஹார்வர்டு மாணவர் ஒருவர் காட்டினார். தேர்விலிருந்து தப்பிக்க, டார் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். டாரை யாரும் உடைக்கவில்லை. பல்கலைக்கழக நெட்வொர்க்கில் மிரட்டல் வந்த நேரத்துக்குச் சற்று முன் டாரைப் பயன்படுத்தியவர் யார் என்று பார்த்தார்கள், அவர் அகப்பட்டார். கேட்டதும் ஒப்புக்கொண்டார்.

கணினியிலேயே தடம் வேண்டாம் என்பவருக்கு டெயில்ஸ் என்ற இலவச இயங்குதளம் உண்டு. அதை ஏற்றக் குறைந்தது 8 ஜி.பி. பென் டிரைவ் வேண்டும். டிரைவில் ஏற்கெனவே இருப்பது, மச்சினி கல்யாண வீடியோ உட்பட, முழுதும் அழிந்துவிடும் என்பதால் முதலில் நகல் எடுப்பது நல்லது. அணைத்ததும் டெயில்ஸ் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஏதாவது தங்க வேண்டுமென்றால் ‘நிரந்தரச் சேமிப்பு’ என்பதைத் தனியாக இயக்கிக் கடவுச்சொல் வைக்க வேண்டும். அந்தக் கடவுச்சொல்லை மறந்தவருக்கு மீட்புவழி எதுவும் கிடையாது.