தோளதிகாரம்: அயல்நாட்டுப் புறா வேட்டைப் பயண இலக்கணம்

அயல்நாட்டுப் பறவை வேட்டைப் பயணம் என்பது, துப்பாக்கி உடைய ஒருவர் தம் ஊரில் பறவை இருக்கவும் அதை விட்டுவிட்டு, கடல் கடந்து போய் இன்னொரு நாட்டுப் பறவையைச் சுடுவதற்குச் செய்துகொள்ளும் ஏற்பாடு. இவற்றுள் தலையாயது, அமெரிக்கர்கள் அர்ஜென்டினாவின் கொர்டோபா மாகாணத்துக்கு மேற்கொள்ளும் புறா வேட்டை. ஆகஸ்டு 12 அன்று தொடங்கும் ஸ்காட்லாந்து க்ரௌஸ் வேட்டையே தலையாயது என்பாரும் உளர். அவர்கள் பணக்காரர்கள் ஆகையால் இங்கே மறுக்கப்படவில்லை.

எப்பொருளையும் முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்த பின்பே பேசுவது தமிழாய்வு மரபு. பகுத்து முடித்தபின் பேச எதுவும் எஞ்சாமற்போவதும் அம்மரபின் பாற்பட்டதே.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், கொர்டோபாவின் வடபகுதி. அங்கே முள்மரக் காடுகளை வெட்டிச் சோளம், மக்காச்சோளம், கோதுமை பயிரிட்டார்கள். வெட்டாமல் விட்ட துண்டுக் காடுகளில் புறாக்கள் பெருங்கூட்டமாகக் குடியேறின. தின்ன வயலும் தங்கக் காடும் அருகருகே அமைந்ததால் இனம் பெருகிப் பயிரழிக்கும் பகை என்று பெயர் வாங்கியது. பகைக்குப் பருவம் கிடையாது, எண்ணிக்கை வரம்பும் கிடையாது. வேட்டைக்காரர் புறப்பட்ட நாட்டிலோ நிலைமை வேறு. 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டத்தை ஒட்டிய விதிகளின்படி, பருவம் செப்டம்பர் 1-க்கு முன் தொடங்காது. துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பு வைக்க வேண்டும். நாளொன்றுக்கு ஒருவர் 15 புறாவுக்கு மேல் சுடலாகாது. இந்த 15-க்கும் அங்குள்ள வரம்பின்மைக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் விமானச் சீட்டாக விற்பனையாகிறது.

பொழுது, ஆண்டு முழுவதும். தென் அரைக்கோளத்தில் ஜூலை குளிர்காலம் என்பதை அரைக்கால் சட்டையோடு இறங்கிய பின் உணர்வோர் உண்டு.

கருப்பொருள்களுள் புள் முதலில் வைக்கத்தக்கது. இது ஸெனைடா ஆரிகுலாட்டா. சார்ல்ஸ் லூசியன் போனபார்ட் 1838-இல் இப்பேரினத்துக்குத் தம் மனைவி ஸெனாயீதின் பெயரைச் சூட்டினார். நன்றியுரையின் கடைசி வரியில் மனைவியின் பொறுமையைப் பாராட்டிக் கடனடைக்கும் பிற்கால முனைவர்கள் இதைக் கவனிக்க. உணவு, அசாடோ என்னும் சுட்ட மாட்டிறைச்சியும் மால்பெக் வைனும். தொழில், மதிய உறக்கம். பூ இல்லை, யாழும் இல்லை. இவை இல்லாமை பற்றித் தனியாக ஒரு கருத்தரங்கு கூட்டலாம்.

தெய்வம், சுங்க அதிகாரி. அவருக்குரிய காணிக்கை படிவம். சொந்தத் துப்பாக்கியை எடுத்துச் செல்லும் அமெரிக்கர், அது முன்பே தம்முடையது என்று காட்ட 4457 என்னும் எண்ணுடைய படிவத்தில் புறப்படுமுன்பே முத்திரை பெற வேண்டும். துப்பாக்கி தோட்டா நீக்கப்பட்டு, பூட்டிய கெட்டிப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். அர்ஜென்டினாவில் நுழையத் தனி அனுமதி. புவெனஸ் ஐரிஸில் எஸெய்ஸா விமான நிலையத்தில் இறங்கி, உள்நாட்டு விமானம் நகரின் மறுகோடியில் ஏரோபார்க்கேயிலிருந்து கிளம்புவதாக இருந்தால், அந்தப் பெட்டி நகரத்தைச் சுற்றிப் பார்க்கும். தோட்டாவுக்கும் விமானத்தில் வரம்பு உண்டு: ஆளுக்கு 5 கிலோ. அதில் அடங்குவது நூற்றுச் சொச்சம் தோட்டா. கொர்டோபாவில் சுறுசுறுப்பான ஒரு காலைக்கு அது காணாது. ஆகவே அறிவுடையோர் விடுதியிலேயே பெரெட்டா, பெனெல்லித் துப்பாக்கிகளில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, தோட்டாவைப் பெட்டிக் கணக்கில் அங்கேயே வாங்கிக்கொள்வர். தங்கும் செலவுக்குத் திட்டமிட்டுத் தோட்டாச் செலவுக்குத் திட்டமிடாதவரை விடுதிகள் மிகவும் விரும்புகின்றன.

உரிப்பொருள், தோள்வலியும் தோள்வலி நிமித்தமும்.

இதன் இயல்பு கணக்கால் விளங்கும். பெட்டிக்கு 25 தோட்டா. ஊக்கமுள்ள ஒருவர் ஒரு நாளில் 40 பெட்டியைக் காலி செய்வது அங்கே அதிசயமன்று. 20 கேஜ் தோட்டா ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் ஈய ரவை. ஆக, ஒரு தோள் ஒரே நாளில் 25 கிலோ ஈயத்தை ஆயிரம் தவணையில் முன்னே அனுப்புகிறது. அனுப்பியதற்கெல்லாம் நியூட்டனின் மூன்றாம் விதிப்படி உடனுக்குடன் ரசீதும் பெறுகிறது. குழலின் விட்டத்துக்கு ஈய உருண்டைகள் செய்தால் ஒரு பவுண்டுக்கு எத்தனை தேறுமோ, அதுவே கேஜ். எனவே எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 12 கேஜ் ஏறத்தாழ 32 கிராம் ரவையைத் தள்ளும். 28 கேஜுக்கு 21 கிராமே. ஊரில் 12 கேஜுக்குக் குறைந்ததைத் தொடாத வீரர்கள் இங்கு இரண்டாம் நாள் காலையில் 28 கேஜின் நுட்பத்தைப் புகழத் தொடங்குவது இதனால் என்க.

பிரிவால் தோள் மெலிந்து வளை கழல்வது அகமரபு. இங்கே தோள் வீங்கிச் சட்டைக்குள் கை நுழைய மறுக்கிறது. இது மரபுவழு அமைதியா, புதிய திணையா என்பதற்கு இன்னும் முடிவு காணப்படவில்லை.

தோள் காக்கும் நெறியில் மூன்று மரபுகள். முன்காப்பு மரபினர் சட்டைக்குள் ஜெல் பட்டை வைப்பர். பின்மருந்து மரபினர் இரவில் ஐபுப்ரோஃபென் விழுங்குவர். இடமாற்று மரபினர் வலத்தோள் சிவந்ததும் இடத்தோளுக்கு மாறுவர். இவர்களுக்கு இரு தடைகள். வலக்கண் ஓங்கியவருக்கு இடத்தோளிலிருந்து குறி விலகும். அரைத்தானியங்கித் துப்பாக்கி வெற்றுத் தோட்டாவை வலப்புறம் உமிழ்வதால் அது முகத்துக்கு முன்னே பறக்கும்.

முன்காப்பு மரபின் மூலநூல் இறந்துபட்டது. அதன் உரை மட்டும் விடுதிச் சாப்பாட்டு மேசையில் வாய்மொழியாக வழங்குகிறது. அவ்வுரைக்குப் பின்மருந்தார் எழுதிய மறுப்பு ஒரு தோட்டாப் பெட்டியின் அட்டையில் உள்ளது. மறுப்புக்கு மறுப்பு, விடுதிப் பில்லின் பின்புறத்தில், வலக்கை எழாமையின் இடக்கையால் எழுதப்பட்டது. அதன் நான்காம் வரியில் வைன் சிந்திவிட்டது. முடிவு அந்த வரியில்தான் இருந்தது என்பதில் மூன்று மரபினருக்கும் கருத்து வேறுபாடில்லை. கறையின் நிறத்தால் அது மால்பெக் எனவும், மால்பெக் ஆகையால் உரை இரவு உணவுக்குப் பிற்பட்டது எனவும், பிற்பட்டது ஆகையால் நம்பத்தக்கதன்று எனவும் நிறுவிய நானூறு பக்க ஆய்வேட்டில், பில்லின் முன்புறத்தில் அச்சாகியிருந்த தேதி ஓர் அடிக்குறிப்பிலும் இடம்பெறவில்லை.

அடுத்தது எண்ணிக்கை. சுடுபவரின் அருகே ஒரு துணையாள் நின்று தோட்டா எடுத்துக் கொடுத்து, விழுந்த புறாவைக் கைப்பொறியில் அழுத்தி எண்ணுவார். மாலையில் எண்ணும் தோட்டாவும் ஒப்பிடப்பட்டு விழுக்காடு காணப்படும். விழுந்ததை எண்ணுவதும், அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேளாதிருப்பதும் பல்கலைக்கழகங்கள் கட்டுரைகளை எண்ணும் முறைதான். யாரிடமிருந்து யார் கற்றார் என்பது விளங்கவில்லை. துணையாளுக்குரிய அன்பளிப்பைப் பணமாகக் கையில் வைத்திருத்தல் வேண்டும். சுடப்பட்ட 25 கிலோ ஈயத்தில் பெரும்பகுதி அந்த மண்ணிலேயே கிடக்கும். தானியமென்று அதைப் பொறுக்கும் பறவைக்கு அது நஞ்சு. பயணத் திட்டங்களில் இதற்கு ஒரு வரி ஒதுக்கும் வழக்கம் இல்லை.

கறி: சில நெஞ்சுத் துண்டுகள் பன்றிக்கொழுப்பு சுற்றி அடுப்புக்குப் போகும்.

இறுதியாக மீட்சி. திரும்பும் நாட்டின் சுங்கத்தில், பண்ணை நிலத்துக்குப் போனதுண்டா என்ற கேள்விக்கு ஆம் என்பதே சரியான விடை. அதன்பின் பூட்ஸின் அடிப்பகுதி ஆராயப்படும். கொர்டோபா மண் ஒட்டியிருந்தால் கழுவ வேண்டும். ஆதலால் விடுதியிலேயே கழுவிவிடுதல் நன்று. துப்பாக்கி கொண்டுசென்றவர் 4457 படிவத்தைத் துப்பாக்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல் கையில் வைத்திருத்தல் வேண்டும். வலக்கை எழாதவர் இடக்கையால் போடும் கையொப்பம் பாஸ்போர்ட்டில் உள்ளதோடு ஒத்துவருவதில்லை. அதற்கென்று படிவத்தில் கட்டம் கிடையாது.