அபுதாபியில் அடிக்கும் மணி

வடசேரியில் யாரும் மணி அடித்துவிட்டு வீட்டுக்குள் வருவதில்லை. மணி அடிப்பது கோயிலில். வீட்டுக்கு வருகிறவர்கள் முடுக்கு திரும்பும்போதே தொண்டையைச் செருமுவார்கள். நடையேறும்போது "ஆளுண்டா?" என்பார்கள். நாம் வாய் திறப்பதற்குள் தார்சாவில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, "கொஞ்சம் வெள்ளம் கொண்டா மக்களே" என்று சொல்லியாகியிருக்கும். இப்படிப்பட்ட ஊருக்கு, கண்ணும் காதும் வாயும் உள்ள ஓர் அழைப்புமணியை வாங்கி அனுப்பினான் அபுதாபியில் இருக்கிற என் மகன். நானும் அவன் அம்மையும் தனியாக இருக்கிறோமாம். வாசலில் யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று தெரிய வேண்டுமாம்.

தனியாக! எதிர்வீட்டு அக்கா உயிரோடு இருக்கும்வரை எங்கள் தெருவில் எவரும் தனியாக இருந்துவிட முடியாது.

இந்தப் பயம் அமெரிக்காவில் பிறந்தது, அங்கே அதற்கு நியாயமும் இருந்தது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்று ஒரு நர்ஸ். அகால நேரத்தில் வேலைக்குப் போய் வருகிறவர். கணவர் மின்னணு வேலை தெரிந்தவர், அவரும் பல ராத்திரிகளில் வீட்டில் இருக்கமாட்டார். கூப்பிட்டால் போலீஸ் வந்து சேர நேரமாகும். கதவில் மேலும் கீழுமாகப் பார்வைத் துளைகள், அவற்றுக்குப் பின்னால் ஏறி இறங்கும் கேமரா, உள்ளே ஒரு டிவி, வாசலில் நிற்பவரோடு பேச மைக், இருந்த இடத்திலிருந்தே தாழ் திறக்க ஒரு பொத்தான். இத்தனையும் சேர்த்து 1966-ல் விண்ணப்பித்து, 1969 டிசம்பரில் இருவருமாகக் காப்புரிமை வாங்கினார்கள். அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடலாம். பின்னால் வந்த ஜேமி சிமினாஃப் கதை வேறு. கார் ஷெட்டில் வேலை செய்யும்போது வாசல் மணி காதில் விழவில்லை என்று மணியைக் கைப்பேசியோடு முடிச்சுப் போட்டவர் அவர். 2013-ல் 'ஷார்க் டேங்க்' நிகழ்ச்சிக்கு முதலீடு கேட்டுப் போய், பேரம் படியாமல் வெறுங்கையோடு திரும்பினார். 2018-ல் அவருடைய கம்பெனியை அமேசான் விலைக்கு வாங்கியது. எங்கள் பாட்டாவுக்கும் காது கேட்காது. அவர் கட்டிலைத் தூக்கி நடைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அதற்குக் காப்புரிமை வாங்கத் தோன்றவில்லை.

மணியை மாட்ட வந்த எலெக்ட்ரீசியன், பழைய அழைப்புமணியின் வயரைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வெளிநாட்டு வீடுகளில் வாசல் மணிக்கென்று தனியாக ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அது 16 முதல் 24 வோல்ட் வரைதான் கொடுக்கும், இந்தக் கருவிகள் அந்தப் பத்தியத்துக்குப் பழகியவை. நம் ஊர் மணிக்கு 230 வோல்ட் நேராகவே போகிறது. "இதுல கொடுத்தா ஒரு மட்டம் அடிக்கும் சார், அதுக்குப் பொறவு அடிக்காது" என்றார். நல்லவேளை, மகன் அனுப்பியது பேட்டரியிலும் ஓடும் ரகம்.

அடுத்து, எங்கே மாட்டுவது? நிலையில் என்றார் எலெக்ட்ரீசியன். என் மனைவி டிரில்லிங் மெஷினுக்கும் நிலைக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டாள். நாள் பார்த்து, மஞ்சள் பூசி, பூஜை போட்டு நிறுத்திய நிலை. அயினித்தடி. அதில் ஓட்டை போடுவதாக இருந்தால் தன் மேலே போட்டுவிட்டுப் போடு என்றாள். சரி, பக்கத்துச் சுவரில் இரண்டு பக்கமும் பசை உள்ள டேப்பால் ஒட்டினோம்.

எங்கள் தெருக்கோடியில் கோயில் நகை செய்கிற ஆசாரி ஒருவர் இருக்கிறார். வடசேரியின் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடே உண்டு. பரதநாட்டியம் ஆடுகிற பிள்ளைகள் தலையில் சூடும் சூரியப்பிறையும் சந்திரப்பிறையும் சிவப்புக்கல் பதித்து இங்கேதான் பிறக்கின்றன. அவர் வந்து கண்ணாடியைக் கீழே இறக்கி, மணியின் நடுவில் ஒளிரும் நீல வளையத்தை வெகுநேரம் பார்த்தார். "கல்லு கொள்ளாம். ஆனா பதிச்ச வேலை சரியில்ல. அரக்கு வைக்காம எப்பிடி நிக்கும்?" என்றார். மூன்றாம் நாள் சாரல் அடித்ததும் மணி கழன்று கோலத்தின் மேல் மல்லாந்து கிடந்தது. அப்போதும் கடமை தவறாமல் எங்கள் வீட்டு ஓட்டுக்கூரையின் அடிப்பாகத்தை அபுதாபிக்குக் காட்டிக்கொண்டிருந்தது. பிறகு சுவரில் திருகாணி போட்டே முறுக்கினார்கள்.

வைஃபையோடு சேர்க்கிற படலத்தைச் சுருக்கிவிடுகிறேன். கைப்பேசித் திரையில் வரும் கட்டம் போட்ட படத்தை மணியின் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டும், அது பார்த்துப் புரிந்துகொள்ளும். மகன் வீடியோ காலில் வந்து, "அப்பா, இன்னும் கொஞ்சம் பொறத்தால, இன்னும் பொறத்தால" என்று சொல்ல, நான் கையை நீட்டியபடி தெருவுக்கே வந்துவிட்டேன். நான் வாசலுக்கு ஆரத்தி எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் பால்காரர்.

மணி வேலை செய்யத் தொடங்கியது. தொல்லை அங்கேதான் ஆரம்பம். வாசலில் ஏதாவது அசைந்தால் உடனே கைப்பேசிக்குச் சேதி போகும். எங்கள் வாசலிலோ கண்ணேறுபடாமல் இருக்கக் கறுப்புக் கயிற்றில் படிகாரம் தொங்குகிறது. பக்கத்தில் எலுமிச்சையும் பச்சைமிளகாயும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளையும் சுழற்றிவிட்டு மிச்சத்தை எங்கள் முடுக்குக்குள் அனுப்பிவைக்கும். படிகாரம் ஆடும், மணி "நடமாட்டம்" என்று அறிவிக்கும். ஊர்க்கண் படாமல் இருக்கக் கட்டிய படிகாரத்தின் மேல் ராப்பகலாக ஒரு கண்! படிகாரத்தை அவிழ்க்கச் சொன்னான் மகன். மணியை அவிழ்க்கச் சொன்னாள் அவன் அம்மை. கடைசியில் செட்டிங்கில் போய், இந்த மூலையைப் பார்க்காதே என்று மணிக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தோம்.

ராத்திரியில் இன்னொரு கூத்து. இருட்டில் பார்ப்பதற்காக அது அகச்சிவப்பு ஒளி விடுகிறது. ராத்திரிப் பூச்சிகளுக்காக எட்டுக்கால்பூச்சி வந்து கேமராவின் மேலேயே வலை கட்டிக் குடும்பம் நடத்துகிறது. வலை அசையும்போதெல்லாம் "ஒரு மனிதர் வந்திருக்கிறார்." தெருநாய் படிக்கட்டில் சுருண்டு படுத்தால் "உங்களுக்குப் பார்சல் வந்திருக்கிறது." சரஸ்வதி பூசையன்று என் மனைவி அரிவாள்மணை, மிக்ஸி, மோட்டார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த கையோடு மணிக்கும் அதன் நட்டநடுக் கண்ணில் சந்தனம் இழுகிக் குங்குமம் வைத்தாள். அன்று முழுக்க அபுதாபியில் வடசேரி செக்கச்செவேலென்று தெரிந்தது.

தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு ஒரு குறை உண்டு. சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையைப் பாருங்கள். கண்ணகி பாண்டியன் அரண்மனை வாசலில் வந்து நிற்கிறாள். வாயில்காவலன் உள்ளே ஓடிச் சேதி சொல்கிறான். வந்திருப்பவள் கொற்றவையும் அல்லள், காளியும் அல்லள் என்று ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்து, சினம், கையில் ஒற்றைச் சிலம்பு, கணவனை இழந்தவள் என்று முடிக்கிறான். வந்தவள் யார், என்ன மனநிலை, கையில் என்ன, வந்த காரியம் என்ன, எல்லாம் அதில் வந்துவிட்டது. இத்தனை விலை கொடுத்து வாங்கிய மணிக்கு, 160 டிகிரிக்குச் சுற்றிவளைத்துப் பார்த்தும், "ஒரு மனிதர்" என்பதற்கு மேல் சொல்ல நாக்கு வரவில்லை. வருகிற படத்திலோ எல்லாருக்கும் மூக்கு மட்டும் முன்னால் வந்துவிடுகிறது. என் சொந்தத் தம்பியையே நான் யாரோ என்று நினைத்தேன்.

எதிர்வீட்டு அக்காதான் அந்த வாயில்காவலனின் நேர் வாரிசு. "தம்பி, நீ வெளிய போயிருக்கும்போ ரெண்டுபேரு வந்தாவ. ஒருத்தருக்கு முன்வழுக்க. ரெண்டாவது ஆளு செருப்பு புதுசு, வெடலையா இருக்கான். கையில ரசீது புக்கு இருந்து. கோயில் கொடைக்கு வரி பிரிக்கப்பட்டவங்களாக்கும். நீ ஊருக்குப் போயிருக்கேன்னு சொல்லி அனுப்பிட்டேன்." எந்த மணியாவது இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லுமா?

மீன்காரம்மாவுக்கு மட்டும் மணியைப் பிடித்துப்போயிற்று. கடற்கரையிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர். எங்கள் நடையில் கூடையை இறக்கும்போது மணி ஆறு இருக்கும். அபுதாபியில் அப்போது நாலரை. தூக்கக்கலக்கத்தில் மகன் "யாரு?" என்று கேட்டிருக்கிறான்.

"நாந்தாம் மக்களே, மீனு."

"என்ன மீனு?"

"சாளை இருக்கு, அயிலை இருக்கு, கொஞ்சம் நெத்திலி கெடக்கு. நீ எங்க நின்னு பேசுக? ஆளக் காணல்லியே?"

"அபுதாபியில இருந்து."

மீன்காரம்மா சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு மணிக்குப் பக்கத்தில் குனிந்தார். "அங்க சாளைக்கு என்ன வெல மக்களே?"

அவன் திர்ஹாமில் சொல்லி, ரூபாயாக மாற்றியும் சொல்லிவிட்டான். மடையன். என் மனைவி சட்டியோடு வெளியே வருவதற்குள் உலகச் சந்தை நிலவரம் மீன்காரம்மாவின் கைக்குப் போய்விட்டது. நூறு ரூபாய்க்கு இருபது எண்ணம் வந்த சாளை அன்று பதினைந்தாகக் குறைந்தது. "ஒம் மவன் அங்க கொடுக்கப்பட்ட காசுக்கு இது சும்மா தாறது மாதிரியாக்கும்" என்றார். கனகமூலம் சந்தையில் கத்தரிக்காய்க்காரர்களையே கலங்க அடித்தவள் என் மனைவி. பேச்சு மறந்து நின்றதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவும் மணியின் பதிவில்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. வேலை நேரத்தில் பதில் சொல்ல முடியவில்லை என்று மகன் மணிக்கு ஒரு தானியங்கிப் பதிலை வைத்துவிட்டான். யாராவது பொத்தானை அமுக்கினால், "பார்சலை வாசலில் வைத்துவிட்டுச் செல்லவும், நன்றி" என்று ஒரு பெண்குரல் நல்ல இங்கிலீஷில் சொல்லும். நாங்கள் சுசீந்திரம் கோயிலுக்குப் போயிருந்த நேரம். ஒழுகினசேரியிலிருந்து தூரத்துச் சொந்தம், புருஷனும் பெண்சாதியுமாக, மகள் கல்யாணத்துக்குச் சொல்ல வந்திருக்கிறார்கள். "ஆளுண்டா?" என்று கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லாததால், தெரியாத்தனமாகப் பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் இங்கிலீஷில் பேசினாள். கதவு திறக்கவில்லை. மறுபடி அமுக்கினார்கள். அதே பெண், அதே மரியாதை, அதே இங்கிலீஷ்.

சாயங்காலம் ஐந்தரைக்குள் வடசேரி, ஒழுகினசேரி, கிருஷ்ணன்கோவில் மூன்று ஊருக்கும் தெரிந்துவிட்டது: வாத்தியார் மகன் அபுதாபியில் வெள்ளைக்காரியைக் கட்டி, கமுக்கமாக வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். அவள் நல்ல மரியாதைக்காரி, ஆனால் கதவு திறக்கமாட்டாள். "நன்றி எல்லாம் சொல்லுகா பாத்துக்கிடுங்க" என்று நற்சான்று வேறு. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த தரகர், ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்க மறுநாள் காலையிலேயே வந்தார். உள்ளே எட்டி எட்டிப் பார்த்தபடி வெகுநேரம் காப்பி குடித்தார். நாங்கள் ஒழுகினசேரிக்குப் போய், விஷயத்தை விளக்கி, பத்திரிகையை அவர்கள் கையால் வாங்கிக்கொண்டு வந்தோம். அந்த அம்மாள் கிளம்பும்போது என் மனைவியின் காதில், "நாங்க யாருட்டயும் சொல்லல்ல, பிள்ள நல்லா இருந்தா போரும்" என்றாராம்.

இங்கிலாந்தில் ஒருவர் வீட்டு மணியும் கேமராக்களும் பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துப் பிடிக்கின்றன என்று வழக்குப் போய், 2021-ல் ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி நீதிமன்றம் பக்கத்து வீட்டுக்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. குறிப்பாக, அத்தனை தூரத்துப் பேச்சைப் பதிவு செய்வது மிகை என்றார் நீதிபதி. இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் பயம். எங்கள் மணியின் பார்வையில் எதிர்வீட்டு வாசல் பாதி விழுகிறது. நமக்கேன் வம்பு என்று அக்காவிடம் போய்ப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

அக்கா கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. "என் வீட்டுல பாதிதானே தெரியுகு தம்பி. பிலாமரத்தக் காணல்ல, கிணத்தக் காணல்ல. எம்மவ வீட்டுக்குப் போகப்பட்ட சமயம் யாரு பாக்க? கொஞ்சம் இந்தாலத் திருப்பி வைக்கப்பிடாதா?"

திருப்பி வைத்தோம். இப்போது எங்கள் நடை ஓரமாகத் தெரிகிறது. அக்காவின் வீடு நடுநாயகம். மகனுக்கும் குறையில்லை. பின்னணியில் வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து "திருநெல்வேலி, திருநெல்வேலி, எங்கயும் நிக்காது" என்று கண்டக்டர் கூவுவது கேட்கிறதாம், அதற்காகவே ராத்திரி திறந்து வைத்துக்கொள்கிறான். போன வாரம் விடிவதற்கு முன்னால் போன்.

"அப்பா, எதிர்வீட்டு அத்தை மோட்டார அணைக்க மறந்துட்டா. தொட்டி நெறஞ்சு வழியுகு."

வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வெளியே ஓடி, "அக்கா, தண்ணி வழியுகு!" என்று கத்தினேன். இருட்டில் துடைப்பச் சத்தம் கேட்டது.

"நாந்தான் முற்றம் கழுவத் தொறந்து விட்டேன். அந்தப் பயல ஒறங்கச் சொல்லு."