கார்பாலிக் கனவான்கள்

லஃப்ராய்க் விஸ்கியை முதன்முறை மோந்து பார்ப்பவர்களுக்கு, யாருக்கோ கட்டுப் போடுகிறார்கள் என்றுதான் தோன்றும். மூக்கு பொய் சொல்லவில்லை. 1865இல் கிளாஸ்கோவில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த ஒரு சிறுவனின் புண்ணில் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைத் தடவினார். பையன் பிழைத்தான், ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு வாடை வந்து சேர்ந்தது. கார்பாலிக் அமிலத்தின் மறுபெயர் ஃபீனால். கிளாஸ்கோவுக்கு மேற்கே, லஃப்ராய்க் பிறக்கும் ஐலா தீவுக்காரர்களோ அதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஃபீனாலைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ரசனையால் அல்ல, வக்கில்லாததால். தீவில் மரம் அரிது. எரிக்கக் கிடைத்தது பீட்: சதுப்பில் பாசியும் புதரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கி இறுகிய மண். அதை வெட்டிக் காயவைத்து மூட்டினால் புகை மண்டும். முளைகட்டிய பார்லியை, அதாவது மால்ட்டை, அதன்மேல் உலர்த்தினார்கள். புகை தானியத்தில் ஏறி, சரக்கில் இறங்கியது.

இந்தப் புகைக்காக ஒரு பெரிய மனிதர் அடித்த கூத்துதான் எனக்குப் பிடித்தது. பீட்டர் மேக்கி, லகவுலின் ஆலை அதிபர், 'ஒயிட் ஹார்ஸ்' விஸ்கியின் சொந்தக்காரர். பக்கத்து ஆலையான லஃப்ராய்க்கின் சரக்கை விற்கும் ஏஜென்சியும் அவர் கம்பெனியிடம்தான் இருந்தது. 1907இல் அது கைவிட்டுப் போனது. மனிதர் என்ன செய்தார்? லஃப்ராய்க்குக்குப் போகும் தண்ணீரைக் கல்லைப் போட்டு அடைத்தார். நம்மூர் வாய்க்கால் வரப்பில் மண்வெட்டியோடு நிற்கும் பங்காளிகூட இவ்வளவு கோட்டு சூட்டோடு செய்ததில்லை. கோர்ட் தலையிட்டுக் கல்லை எடுக்க வைத்தது.

சரி, நாமே செய்துவிடுவோம் என்று 1908இல் தன் வளாகத்திலேயே 'மால்ட் மில்' என்று ஒரு குட்டி ஆலை கட்டினார். லஃப்ராய்க்கில் இருப்பது போலவே வடிகலன்கள். போதாதென்று அங்கிருந்த சாராயம் காய்ச்சும் ஆளையே ஆசை காட்டி இழுத்துவந்தார். எல்லாம் வந்தது, லஃப்ராய்க் மட்டும் வரவில்லை. பிடிவாதத்துக்கு ஆயுசு கெட்டி. 1962 வரை அந்த ஆலை ஓடியது.

அதற்குள் அமெரிக்கா மதுவிலக்கு கொண்டுவந்து, 1933இல் சலித்துப்போய் எடுத்தும் விட்டது. இடையில் டாக்டர் சீட்டு இருந்தால் விஸ்கி வாங்கலாம். லஃப்ராய்க் முதலாளி இயன் ஹன்டர் இது மருந்தேதான் என்று சாதித்து உள்ளே அனுப்பினார் என்பார்கள். அயோடின் வாடையடிக்கும் பாட்டிலை முகர்ந்த எந்த அதிகாரி, இதை ஒருவன் சந்தோஷத்துக்காகக் குடிப்பான் என்று நம்புவார்?

இன்று அதே வாடைக்குப் பட்டியல் போடுகிறார்கள். மால்ட்டில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஃபீனால் என்று கணக்கு. லஃப்ராய்க் நாற்பது சொச்சம். ஆக்டோமோர் என்ற ஐலா விஸ்கியின் ஒரு பதிப்பு 300ஐத் தாண்டியது. அந்த எண் பார்லிக்கு உரியது; வடிக்கும்போதே ஃபீனாலில் பெரும்பங்கு போய்விடும். எண்ணைச் சொல்லி மிரட்டுபவரை விட்டு நகர்ந்து, கிளாஸில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். சின்ன மிடறு, உடனே விழுங்க வேண்டாம். புகை கொஞ்சம் விலகியதும் உப்பும், அதன் பின்னால் மால்ட்டின் இனிப்பும் எட்டிப் பார்க்கும்.

1994இல் லஃப்ராய்க்குக்கு இளவரசர் சார்லஸின் அரச முத்திரை கிடைத்தது. அந்த வருடம் ஐலாவுக்கு விமானத்தைத் தானே ஓட்டிவந்த இளவரசர், ஓடுபாதை முடிந்த பிறகும் ஓட்டினார். விமானம் ஈர மண்ணில் மூக்கைக் குத்தி நின்றது. அவர் அதுவரை ஒரு சொட்டுகூடக் குடித்திருக்கவில்லை.