பூஜ்யத்துக்கே முதல் மரியாதை

கேள்வி: நிரல்மொழிகளில் அணியின் முதல் உறுப்புக்குப் பூஜ்யம் என்று எண்ணிடுவது ஏன்? ஒன்றிலிருந்து எண்ணினால் கணினி கோபித்துக்கொள்ளுமா?

பதில்: கோபிக்காது, 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் ஒன்றிலிருந்தே எண்ணியது, கணினியும் பொறுத்துக்கொண்டது. அணி என்பது ஒரே வகை மதிப்புகளை நினைவகத்தில் இடைவெளியின்றி அடுத்தடுத்து வைக்கும் அமைப்பாதலால், சி மொழியில் சுட்டெண் என்பது உறுப்பின் வரிசையைச் சொல்லாமல், தொடக்க முகவரியிலிருந்து எத்தனை உறுப்புகளைத் தாண்ட வேண்டும் என்பதையே சொல்கிறது. தொடக்க முகவரி 1000 என்றும் ஒவ்வோர் உறுப்பும் 4 பைட் என்றும் கொண்டால், சுட்டெண் 3 உள்ள உறுப்பு 1012-இல் இருக்கும். முதல் உறுப்பை அடைய எதையும் தாண்ட வேண்டியதில்லை என்பதால் அதற்குப் பூஜ்யம். ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் போதுமாகையால், பத்தாவது உறுப்பின் முகவரியும் பத்து இலட்சமாவது உறுப்பின் முகவரியும் ஒரே உழைப்பில் கிடைத்துவிடும். ஆனால், முன்வரிசையில் புதிதாக ஒன்றை நுழைத்தால், பந்தியில் பிந்தி வந்த சம்பந்திக்கு இடம் விடுவதுபோல, மற்றவை அனைத்தும் ஓரிடம் நகர்ந்தாக வேண்டும். இத்தொல்லையை விரும்பாதோர், ஒவ்வோர் உறுப்பும் அடுத்ததன் முகவரியைத் தன்னிடம் வைத்திருக்கும் இணைப்புப் பட்டியலை நாடலாம். அங்கே நுழைப்பது எளிது, எனினும் நூறாவது உறுப்பைக் காண முந்தைய தொண்ணூற்றொன்பதிடமும் வழி கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.