மின்காரோன் வினாவியல்: மாட்டுங்கா முதல் திருநெல்வேலி வரை ஒரு பன்முகப் பார்வை

மும்பைத் தமிழருள் புதிதாக மின்கார் வாங்கியவர் கேட்கும் வினாக்களையும், அவரைப் பிறர் கேட்கும் வினாக்களையும் தொகுத்தும் வகுத்தும் விரித்தும் கூறுவது இவ்வாய்வின் நோக்கம். இத்துறையில் முன்னாய்வு ஏதும் இல்லை. ஆதலால் முன்னாய்வாளர் அனைவரும் வழுவினர் என்று முதற்பத்தியிலேயே காட்டிவிட்டு மேலே செல்லும் வழக்கமான வசதி எனக்குக் கிட்டவில்லை. படிப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வு என்றால் கருதுகோள் வேண்டும் என்பார்கள். வைத்திருக்கிறேன்: மின்கார் வாங்கியவருக்கு ஐயம் பேட்டரி மேல் அன்று, பதில் சொல்பவர் மேல்.

ஆய்வு எல்லை: மேற்கே தாராவி, நடுவே மாட்டுங்கா, கிழக்கே செம்பூர், தெற்கே, வண்டியில் சார்ஜ் உள்ள வரை. சார்ஜ் உண்டு எனக் கொண்டால் வாஷி, பன்வேல், புனே, சதாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, சித்ரதுர்கா, பெங்களூர், கிருஷ்ணகிரி, சேலம், மதுரை வழியே திருநெல்வேலி, ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். தாராவித் தமிழரில் பலருக்கு அந்தப் பக்கம்தான் ஊர். கோடை விடுமுறையில் அங்கே போக ரயிலில் இடம் கிடைக்காது என்பதற்குக் களப்பணி தேவையில்லை. இவ்வழியை ஐந்திணையாகப் பிரிக்கலாமே என்று எனக்கும் கை அரித்தது. கண்டாலா குறிஞ்சி, சார்ஜ் 4 சதவீதத்துக்கு வந்த இடம் பாலை. மற்ற மூன்றையும் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய இருப்பவருக்கு விட்டுவிடுகிறேன்.

எப்பொருளை ஆய்ந்தாலும் அது நமக்குப் புதிதன்று என நிறுவுவது மரபு. மும்பையில் மின்சார டிராம் 1907-ல் ஓடத் தொடங்கி 1964-ல் நின்றது. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு, 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிற்று. ஆக, மின்சார வண்டியில் நின்றுகொண்டு போவதில் இவ்வூர்த் தமிழருக்கு நூறாண்டுப் பயிற்சி உண்டு. உட்கார்ந்து போவதுதான் புதிது. அந்த ரயில் தடங்களை 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்கு மாற்றி முடிக்க 2016 ஆயிற்று. நேரிலிருந்து மாறுதிசைக்கு வர ரயில்வேக்குத் தொண்ணூறு ஆண்டு. மாறுதிசையிலிருந்து நேருக்கு மாற்றும் வேலையைக் காருக்குள் இருக்கும் சின்னப் பெட்டி ஒவ்வோர் இரவும் முணுமுணுத்துக்கொண்டே செய்துவிடுகிறது. வீட்டுப் பிளக்கில் ஏற்றினால் ராத்திரி முழுக்க ஆவதும், நெடுஞ்சாலைச் சார்ஜரில் ஒரு மணி நேரத்துக்குள் முடிவதும் இதனால்தான். அங்கே மாற்றும் பெட்டி பீரோ அளவில் வெளியே நிற்கிறது.

இனி வினா. நன்னூல் செய்த பவணந்தியார் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாக வகுத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அவர் இந்த ஆறையும் கண்டுகொண்டார் என்றால், அவர் ஊரான சனகாபுரத்திலும் பார்க்கிங் தகராறு இருந்திருக்க வேண்டும்.

அறிவினாவாவது, விடை தெரிந்தே கேட்பது. “ஒரு சார்ஜுக்கு எவ்வளவு போறது?” என்பது அதன் தலையாய எடுத்துக்காட்டு. பெட்ரோல் கார் வைத்திருப்பவர் மட்டுமே கேட்பார். எந்த எண்ணைச் சொன்னாலும் “அவ்வளவுதானா?” என்பது அடுத்த வரி. உண்மையில் எண் ஒன்றன்று. 45 யூனிட் பேட்டரி கொண்ட டாடா நெக்ஸானுக்குச் சான்றிதழ் எண் 489 கிலோமீட்டர். நடைமுறையில் 350 முதல் 370 என்று நிறுவனமே தனியாகச் சொல்கிறது. சான்றிதழுக்கான ஓட்டம் ஆய்வகத்தில் உருளைகளின் மேல் நடப்பது. உருளைக்குச் சயான் சர்க்கிள் தெரியாது. எங்கள் கட்டடத்து மரபில் வேறு பாடமும் உண்டு: 300 (மூன்றாம் மாடி மாமா, வாய்மொழி, லிஃப்ட், கீழ்த்தளம்). இதனை 250 எனக் கொள்வாரும் உளர் (மேற்படி மாமா, மேற்படி லிஃப்ட், முதல் தளத்தில் மாமி ஏறிய பின்). தொல்காப்பியர் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்னும் பின்னும் தள்ளிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும் புலவர் பெருமக்கள், ஐம்பது கிலோமீட்டர் பேதத்துக்கு இப்படிக் கொதிப்பது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.

அறியாவினா, உண்மையிலேயே தெரியாமல் கேட்பது. அருகி வருகிறது. கிடைத்தவற்றுள் சிறந்தது: “80-க்கு மேலே ஏன் இப்படி ஊர்றது?” பேட்டரி நிறைய நிறைய, உள்ளே போகும் மின்னோட்டத்தை வண்டியே குறைத்துக்கொள்கிறது; குறைக்காவிட்டால் செல் கெடும். பத்திலிருந்து எண்பது வரை ஆகும் நேரத்தில் பெரும்பகுதியைக் கடைசி இருபதே கேட்கும். ஆகவே நெடும்பயணத்தில் எண்பதில் கழற்றிக்கொண்டு கிளம்புவதே முறை.

இரண்டாவது, “காட்ல எறங்கறச்சே தானே ஏறிக்குமாமே?” என்பது (காட் என்றால் மலைப்பாதை). ஏறிக்கொள்ளும். லோனாவாலாவிலிருந்து கோபோலி அடிவாரம் வரை இறக்கம் சுமார் 550 மீட்டர். ஆட்களும் ஊறுகாய் ஜாடியுமாக வண்டி 1,700 கிலோ எனக் கொண்டால், இறக்கத்தில் கிடைக்கக்கூடியது ஏறத்தாழ இரண்டரை யூனிட். உராய்விலும் வெப்பத்திலும் பாதி போனாலும் மிச்சத்தை வைத்து 150 வாட் வெட் கிரைண்டரில் எட்டு மணி நேரம் மாவரைக்கலாம். இது புதுமையுமன்று. லோனாவாலா ஏரித் தண்ணீரைக் குழாயில் இறக்கி, அதே கோபோலியில் 1915 முதல் மின்சாரம் எடுத்து மும்பைக்கு அனுப்புகிறார்கள். தண்ணீர் செய்த வேலையை இப்போது மாமாவின் உடல் எடை செய்கிறது. ஆனால் ஊருக்குப் போகும்போது இதே மலைப்பாதையை ஏற வேண்டும் என்பதையும், ஏறும்போது கொடுத்தது இறங்கும்போது முழுதாகத் திரும்பாது என்பதையும் கூறியபோது, மாமா இவ்வாய்வின் பிற பகுதிகளுக்குத் தகவல் தர மறுத்தார் (மேற்படி மாமா, படிக்கட்டு, லிஃப்ட் பழுதானமையால் இவ்வுரை இடையிடையே மூச்சு வாங்கிச் சிதைந்துள்ளது).

ஐயவினாவுக்குப் பழைய எடுத்துக்காட்டு, பாம்போ கயிறோ என்பது. சார்ஜர் கேபிளைப் பார்த்தவுடன் இவ்வெடுத்துக்காட்டின் தீர்க்கதரிசனம் விளங்கும். ஆனால் இங்கே ஐயம் வேறு: செயலியில் பச்சையாகக் காட்டும் சார்ஜர் உயிரோடு இருக்கிறதா, இல்லையா? சதாரா தாண்டி ஒரு ஓட்டலின் பின்புறம், ஜெனரேட்டருக்கும் காலி பிஸ்லெரி பெட்டிகளுக்கும் நடுவே நான் கண்ட ஒன்று, பச்சை விளக்கோடும் உயிரின்றியும் நின்றது. காரணம், நெற்றியில் இருந்த சிவப்பு நிற அவசரப் பொத்தான். யாரோ அழுத்தியிருக்கிறார். அழுத்தியவர் யார் என்பதில் மூன்று கொள்கைகள் நிலவுகின்றன. குழந்தை என்பது ஒன்று. முன்னால் வந்தவர், சார்ஜர் கன் கழலாமல் போகவே, கோபத்தில் அழுத்தினார் என்பது இரண்டாவது. அது அழைப்பு மணி எனக் கருதி டீ கேட்டவர் என்பது மூன்றாவது (ஓட்டல் பையன், கை துடைத்தபடி, மராத்தி மூலம், தமிழாக்கம் ஆய்வாளருடையது, பையன் பிற்பாடு குழந்தைக் கொள்கைக்கு மாறிவிட்டான், மாற்றத்துக்குக் காரணம் முதலாளி அங்கு வந்தமையாக இருக்கலாம் என்பர்). மூன்று கொள்கைகளையும் அலசிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற டாக்சி ஓட்டுநர் வந்து பொத்தானை வலப்பக்கம் திருகினார். அது துள்ளி எழுந்தது. சார்ஜரும் எழுந்தது. இவ்வணுகுமுறை ஆய்வு நெறிக்கு உட்பட்டதன்று.

கொளல்வினா: சார்ஜருக்குக் காத்திருப்பவர் கேட்பது. “நீங்க எத்தனை பர்சென்ட்ல கழட்டுவீங்க?”

கொடைவினா: அப்படிக் கேட்டவரிடம், தொண்ணூறைத் தாண்டியும் கழற்றாதவர் கேட்பது. “புளியோதரை இருக்கு, ஒரு வாய் சாப்பிடறேளா?”

ஏவல்வினாவே இவ்வாய்வின் உயிர்நிலை. ஏவும் பொருட்டு வினவுவது என்பர். “கையை ஸ்டியரிங்லேருந்து எடுத்துட்டேளா என்ன?” என்று மாமி கேட்டால் அது வினா அன்று. இதே வினாவைக் காரும் கேட்கிறது என்பதே இந்நூற்றாண்டின் புதுவரவு. ஓட்டுநர் உதவியை அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 0 முதல் 5 வரை ஆறு படிகளாக வகுத்திருக்கிறது. வினாவும் ஆறு, படியும் ஆறு. இதைத் தற்செயல் என்பவர் இதுவரை எந்தக் கருத்தரங்குக்கும் போகாதவர். இவ்வொற்றுமையை மட்டும் வைத்து மூன்று நாள் பன்னாட்டுக் கருத்தரங்கு நடத்தி, நாற்பது கட்டுரைகளை வாங்கி, கட்டணமும் வாங்கி, ஒருவரும் திறக்காத ஒரு தொகுதியாக அச்சிட்டுப் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் ஆற்றல் நம்மிடையே உண்டு.

நம்மூரில் விற்பவை பெரும்பாலும் இரண்டாம் படி. வேகத்தைக் கார் பார்த்துக்கொள்ளும், கோட்டுக்குள் திருப்பிக்கொள்ளும், மோதப் போனால் பிரேக்கும் போடும். ஆனால் கண்ணும் பொறுப்பும் ஓட்டுபவருடையவை. பல வண்டிகள் கை இருப்பதை ஸ்டியரிங்கில் படும் சிறு அசைவால்தான் அறிகின்றன. ஆகவே அசையாமல் ஒழுங்காகப் பிடித்திருப்பவரைத்தான் அது முதலில் கண்டிக்கும். லேசாக ஆட்டிக்கொண்டே இருப்பவர் நல்லவர். பல்கலைக்கழகங்களிலும் இதே அளவுகோல்.

காரின் வினா சொல்லில் இல்லை, ஒலியில் இருக்கிறது. நன்னூலார் இதற்கு விதி வகுக்கவில்லை, நானே வகுக்கிறேன். குறில்: சிக்னல் போடாமல் கோட்டைத் தாண்டினால் எழுவது. நெடில்: முன்வண்டியை நெருங்கினால் எழுவது. அளபெடை: சீட் பெல்ட் போடாதபோது எழுந்து நீள்வது. பின்சீட்டில் முறுக்கு டின்னை வைத்தாலும் ஆள் என்று கொண்டு நீளும் ஆதலின், இதனை ஆள்வழி அளபெடை, டின்வழி அளபெடை எனப் பிரிக்க. மாமி டின்னுக்குப் பெல்ட் போட்டுவிட்டதால் பின்னது இப்போது வழக்கொழிந்தது (மாமி, பின்சீட்டு, பன்வேலுக்கும் கோபோலிக்கும் இடையில் அருளிச்செய்தது; ஏட்டுப் பிரதியில் ‘டின்’ என்பது ‘டப்பா’ என்றும் காணப்படுகிறது; இரு பாடத்துக்கும் முறுக்கு ஒன்றே; ஆய்வாளர் சரிபார்க்கையில் மூலப்பிரதியில் நான்கு முறுக்குகள் குறைந்தமைக்கு ஆய்வாளர் பொறுப்பல்லர்).

இவ்விதிகளைத் தாராவி 90 அடி சாலையில், மாலை நேரத்தில், சோதித்தேன். அங்கே கோடு இல்லை, ஆகவே குறில் இல்லை. மற்றெல்லாம் உண்டு. கைவண்டி, ஆட்டோ, எதிர்த்திசையில் வரும் ஸ்கூட்டர், தலையில் இட்லித் தூக்கு என ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒலி எழ, ஒலிகள் ஒன்றோடொன்று புணர்ந்து ஒரே நெடிலாயின. ஓரத்தில் நின்ற அண்ணாச்சி கண்ணாடியில் தட்டி, “ஏ தம்பி, வண்டி அழுவுது பாரு, என்னன்னு கேளுடே” என்றார். இதற்கு நம் மரபில் முன்னுதாரணம் உண்டு. இறையனார் களவியலுக்குப் புலவர்கள் உரை சொல்ல, மெய்யுரை எது என்று தீர்க்க உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவனை உட்கார வைத்தார்கள் என்பது கதை. அவன் பேசவில்லை, நக்கீரர் உரைக்குக் கண்ணீர் வார்த்தான், அதுவே தீர்ப்பு. சங்கப்புலவர் நாற்பத்தொன்பதின்மரும் ஏற்ற அந்த முறையை நாம் டாஷ்போர்டில் பொருத்தியிருக்கிறோம். வேறுபாடு ஒன்றே. சிறுவன் நல்ல உரைக்கு அழுதான். இது எல்லாவற்றுக்கும் அழுகிறது.

முன்வண்டியோடு இடைவெளி விட்டுச் செல்லும் வசதி பற்றியும் ஒரு தேற்றம் கூற வேண்டும். வாஷி பாலத்தில் கார் இடைவெளி விடும். விட்ட இடத்தில் ஒரு டெம்போ நுழையும். கார் நல்ல பிள்ளையாக வேகம் குறைத்து, டெம்போவுக்குப் பின்னால் மறுபடி இடைவெளி விடும். அங்கே ஒரு ஆட்டோ. மும்பையில் நிரம்பாத இடைவெளி இல்லை எனக் கொண்டால், இவ்வசதியை அணைக்காமல் ஓட்டுபவர் முடிவிலிக் காலத்தில் பின்னோக்கியே சென்று மாட்டுங்கா சர்க்கிளை அடைவார் என்பது பெறப்படும். புனே விரைவுச்சாலையில் இத்தேற்றம் பொருந்தாது. அங்கே லாரிகள் மூன்றாம் தடத்தைப் பட்டா போட்டுக்கொள்வதால் இடைவெளி என்னும் கருத்தாக்கமே எழவில்லை.

இனி விடை. நன்னூலார் விடையை எட்டாக வகுத்தார். சார்ஜர் ஓடுகிறதா என்னும் ஒரே வினாவுக்கு ஏழும் வழியிலேயே கிடைத்தன. விரலால் காட்டியது சுட்டு. இல்லை என்றது மறை. “நீங்களே ஆப்ல பாருங்க” என்றது ஏவல். “எதுக்குப் பெட்ரோல் வண்டி வாங்கலை?” என்றது வினா எதிர் வினாதல். “நேத்து ஒருத்தர் கார் மாட்டிக்கிச்சு” என்றது உற்றது உரைத்தல். “ரெண்டு மணி நேரம் ஆகும்” என்றது உறுவது கூறல். “வடை சூடா இருக்கு” என்றது இனமொழி. நேர் விடை, அதாவது ஆமாம் என்பது மட்டும், எத்தனை கிலோமீட்டர் போயும் அகப்படவில்லை.

கோலாப்பூருக்கு முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் தடியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த காவலாளியிடம் கேட்டேன்.

“ஹோ” என்றார். தமிழில் கிட்டாத நேர் விடை மராத்தியில் கிட்டிய மகிழ்ச்சியில் கேபிளைத் தூக்கிக் காரில் மாட்டினேன். திரை இருண்டே இருந்தது. மெஷின் ஓடும் என்றீரே என்றேன்.

“மெஷின் டீக் ஆஹே. லைட் கேலி” என்றார். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, கரண்ட் போய்விட்டது.

இவ்விடை நேரும் உற்றது உரைத்தலும் மயங்கி வந்த ஒன்பதாம் வகை (காவலாளி, நாற்காலி, பிற்பகல், கரண்ட் எப்போது வரும் என்ற துணைவினாவுக்கு அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார், அது சுட்டு).