கணப்படுப்பில் கிடைத்த கிட்டார்

கேள்வி: லட்ச ரூபாய் கிட்டார் வைத்திருந்தால்தான் மேடையில் கைதட்டல் கிடைக்குமா?

பதில்: கைதட்டுவோர் ரசீதைப் பார்த்தா தட்டுகிறார்கள்? குவீன் இசைக்குழுவின் பிரையன் மே, விரும்பிய கிட்டாரை வாங்க வசதியில்லாத பதின்பருவத்தில், 1963-இல் தந்தையோடு சேர்ந்து தாமே ஒன்றைச் செய்யத் தொடங்கினார். அதன் கழுத்து, அதாவது இடக்கை விரல்கள் தந்திகளை அழுத்தும் நீண்ட பகுதி, பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்திலிருந்தும், சுருதியை வளைத்து அசைக்கும் ட்ரெமோலோ அமைப்பின் சுருள்வில்கள் மோட்டார் சைக்கிளிலிருந்தும் வந்தவை. ‘ரெட் ஸ்பெஷல்’ என்னும் அக்கருவியே 1985-இல் வெம்ப்ளி அரங்கின் லைவ் எய்ட் நிகழ்ச்சியிலும், 2002-இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமீதும் ஒலித்தது.

கேள்வி: பிக் மட்டுமாவது விலை உயர்ந்ததாக இருக்க வேண்டாமா?

பதில்: தந்தியை மீட்டும் அச்சிறு வில்லைக்கு மாற்றாக மே கையில் எடுப்பது ஆறு பென்ஸ் நாணயம் என்பதால், பிறர் காசைப் போட்டு வாசிக்க, அவர் காசாலேயே வாசிக்கிறார். விலையைப் பார்ப்பதைவிட, புதிதாகக் கற்பவர், தந்திகள் கழுத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்பதைக் கடையிலேயே சரிபார்த்து, அதிகமெனில் குறைத்துத் தரச் சொல்ல வேண்டும். உயரம் கூடினால், எவ்வளவு விலை கொடுத்த கருவியும் விரலை நோகடிக்கும்.