எழுந்து வருவதற்குள்

கேள்வி: வானத்தைப் பார்ப்பதற்கு யந்திரம் எதற்கு? வானசாஸ்திரிகளுக்குக் கண் இல்லையா?

பதில்: கண் உண்டு, ஆனால் அவர்கள் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து வருவதற்குள் மங்கிவிடுகிற ஜோதிகளும் ஆகாயத்தில் உண்டே! 1999 ஜனவரி 23-ஆம் தேதி, காமாக் கதிர் வெடிப்பொன்றைச் செயற்கைக்கோள் கண்டு அறிவிக்க, அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் தானே இயங்கும் ராட்ஸி என்ற கருவி (காமிரா லென்ஸ்கள் நான்கைச் சேர்த்து அமைத்ததுதான் அது!) வெடிப்புத் தொடங்கிய 22 விநாடிகளில் அத்திசை திரும்பி முதற்படம் பிடித்தது. ஒரு நிமிஷத்துக்குள், பைனாகுலருக்கே எட்டக்கூடிய உச்சப் பிரகாசத்தை அடைந்த அவ்வொளி, அடுத்த சில நிமிஷங்களில் மிகவும் மங்கிவிட்டது.

பூமி பிறப்பதற்கு முன்பே புறப்பட்டு, 900 கோடி வருஷங்களுக்கு மேல் பிரயாணம் செய்து வந்த விருந்தாளியை வாசலில் நிறுத்திவிட்டு, நாம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கலாமா?